ஒட்டும் முன் படி: லினக்ஸில் ஓடிய விண்டோஸ் விளையாட்டு



இந்த மாதப் பாடம் கணினியைப் பற்றியது. ஆனால் எங்கள் வீட்டுக் கதையில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். என் தவறால் என் தம்பி 71 மணி நேர உழைப்பை இழந்தான். அவன் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் 2013-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. படிவம் 4 படிக்கும் தம்பிக்குப் பள்ளி வேலை, டியூஷன், விளையாட்டு எல்லாமே அதில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் எங்கள் மடிக்கணினியில் இல்லை. புதிது வாங்க வீட்டில் காசும் இல்லை. "லினக்ஸ் மிண்ட் போட்டுடலாம்டா. அது இலவசம், பழைய கணினியிலயும் நல்லா ஓடும்" என்றேன்.

தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அண்ணே, அதுல மோரோவிண்ட் ஓடுமா?"

"ஏன் ஓடாது? வைன் போட்டா போதும்" என்றேன். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "என்னாடா போடணும்?" அது மென்பொருளின் பெயர் என்று விளக்கி முடிப்பதற்குள் தோசை கருகிவிட்டது.

மோரோவிண்ட் 2002-இல் விண்டோஸுக்காக வந்த ரோல்பிளே விளையாட்டு. நாம் ஒரு கதாபாத்திரமாக மாறி, ஒரு பெரிய தீவில் நம் இஷ்டப்படி வாழும் வகை. தம்பி அதைத் தீபாவளி அங்பாவ் காசைச் சேர்த்து முறையாக வாங்கியிருந்தான். இன்றைய விளையாட்டுகளைப் போல "இங்கே போ" என்று அம்புக்குறி காட்டாது. "பாலத்தைத் தாண்டி வடக்கே போ, பாறைக்குப் பக்கத்தில் திரும்பு" என்று யாராவது சொல்வார்கள். அது நாட்குறிப்பில் பதிவாகும். படித்துப் புரிந்து நாமே வழி கண்டுபிடிக்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வைன் என்ன செய்கிறது?

ஒரு விளையாட்டு ஓடும்போது விண்டோஸிடம் ஓயாமல் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். "இந்தக் கோப்பைத் திற. இந்தச் சத்தத்தை எழுப்பு. இந்தப் படத்தைத் திரையில் வரை." லினக்ஸுக்கும் இதெல்லாம் செய்யத் தெரியும். ஆனால் கேட்கிற விதம் வேறு.

பாட்டியை அரசாங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருப்பீர்கள். பாட்டிக்கு மலாய் தெரியாது, கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. நாம் நடுவில் நின்று பாட்டி சொல்வதை மலாயில் சொல்வோம், பதிலைத் தமிழில் சொல்வோம். வைன் செய்வதும் அதே வேலைதான். விளையாட்டையும் மாற்றுவதில்லை, லினக்ஸையும் மாற்றுவதில்லை.

'வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். எமுலேட்டர் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள். வைன் அப்படி நடிப்பதில்லை. விளையாட்டின் கட்டளைகள் நேராக நம் கணினியின் செயலியிலேயே ஓடுகின்றன. அதனால்தான் பழைய கணினியிலும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

இந்தத் திட்டம் 1993-இல் தொடங்கியது. அலெக்சாண்டர் ஜூலியார் என்பவர் 1994 முதல் அதை வழிநடத்தி வருகிறார். 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூன் மாதத்தில். பதினைந்து வருஷம்! நமக்கு ஒரு மாலை நேரத்தில் விளையாட்டு ஓடவில்லை என்றால் கோபம் வந்துவிடுகிறது.

வைன் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதை விண்டோஸ் கணினியைப் போல விளையாட்டுக்குக் காட்டும். அதற்குப் பிரிபிக்ஸ் என்று பெயர். அதற்குள் சி டிரைவ் இருக்கும், புரோகிராம் ஃபைல்ஸ் இருக்கும், விண்டோஸின் ரிஜிஸ்ட்ரியும் எழுத்துக் கோப்புகளாக இருக்கும். நாம் வேறு இடம் சொல்லாவிட்டால், அது நம் ஹோம் கோப்புறைக்குள் 'வைன்' என்ற பெயரில் மறைந்திருக்கும். பெயருக்கு முன் ஒரு புள்ளி இருப்பதால் கண்ணில் படாது. கண்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் தெரியும்.

நான் செய்த தவறு

விண்டோஸை அழிக்கும் முன் மோரோவிண்ட் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். மிண்ட் போட்டேன், வைன் போட்டேன், பிரிபிக்ஸில் உள்ள சி டிரைவுக்குள் விளையாட்டை வைத்தேன். பென்டிரைவை ஒரு நண்பருக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால் துடைத்துவிட்டேன்.

விளையாட்டை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினேன். ஒன்றுமே நடக்கவில்லை.

தம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "ஓடும்"னு சொன்ன அண்ணன் அல்லவா? மானம் போகக்கூடாதே. இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து டெர்மினலில் ஒட்ட ஆரம்பித்தேன். எது எதற்கு என்று பார்க்கவில்லை. கணினி பதிலுக்கு எழுதிக் காட்டியதையும் படிக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு யோசனை கண்ணில் பட்டது: பிரிபிக்ஸை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. அந்தக் கட்டளையையும் ஒட்டினேன். ஒரு வினாடியில் முடிந்தது.

"அண்ணே, என் சேவ் எங்க?" என்றான் தம்பி.

மோரோவிண்ட் தன் சேவ் கோப்புகளை விளையாட்டுக் கோப்புறைக்கு உள்ளேயே வைக்கிறது. விளையாட்டு பிரிபிக்ஸுக்குள் இருந்தது. பிரிபிக்ஸை நான் இப்போதுதான் அழித்திருந்தேன். டெர்மினலில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். விண்டோஸும் இல்லை, பென்டிரைவும் இல்லை.

71 மணி நேரம். ஒரு வருஷமாக, வீட்டுப்பாடம் முடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளையாடியது. அவன் எழுந்து போய்ப் படுத்துவிட்டான்.

இரண்டாம் முறை

மறுநாள் நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தான். "இந்தத் தடவை நான் டைப் பண்றேன். நீங்க பக்கத்துல உட்காருங்க. அது என்ன சொல்லுதோ அதை முதல்ல படிப்போம்." இருவரும் சேர்ந்து செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சுட்டியால் சொடுக்காமல், டெர்மினலில் வைனை இயக்கினோம். முதல் பதிலிலேயே காரணம் இருந்தது. மோரோவிண்ட் ஒரு 32 பிட் விளையாட்டு. எங்களிடம் இருந்ததோ 64 பிட் வைன் மட்டும். 32 பிட் பகுதி இல்லை, அதை நிறுவ இந்தக் கட்டளையைக் கொடு என்று கணினியே தெளிவாக எழுதிக் காட்டியது. முந்தின நாள் சுட்டியால் சொடுக்கியபோது இந்த வரி என் கண்ணில் படவே வாய்ப்பில்லை. டெர்மினலுக்கு வந்த பிறகோ நான் எதையும் படிக்கவில்லை.

இரண்டாம் படி: இந்த விளையாட்டுக்கு மட்டும் தனிப் பிரிபிக்ஸ். ஒரு விளையாட்டுக்காகச் செய்யும் மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காமல் இருக்க இதுதான் வழி. லூட்ரிஸ், பாட்டில்ஸ் போன்ற மென்பொருள்கள் இதை நமக்காகச் செய்துகொடுக்கும்.

மூன்றாம் படி: கோப்புறையை நகலெடுக்காமல், வாங்கிய கணக்கிலிருந்து நிறுவும் கோப்பைத் திரும்பப் பதிவிறக்கி, வைனுக்குள் முறையாக நிறுவினோம். ஏன் தெரியுமா? திரையின் அகலம், உயரம் போன்றவற்றை மோரோவிண்ட் ரிஜிஸ்ட்ரியில்தான் எழுதி வைக்கிறது. நான் நகலெடுத்தது வெறும் கோப்புறை. ரிஜிஸ்ட்ரி பழைய விண்டோஸோடு போய்விட்டது. 32 பிட் சிக்கலைத் தாண்டியிருந்தாலும் என் நகல் அடுத்ததாக அங்கே முட்டி நின்றிருக்கும். நிறுவி முடித்ததும் விளையாட்டின் லாஞ்சரில் திரை அளவைத் தேர்ந்தெடுத்தோம்.

நான்காம் படி: படம் வரைவது. விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் டைரக்ட்3டி மூலம் படம் வரையச் சொல்லும். வைன் அதை ஓபன்ஜிஎல்-ஆக மாற்றும். டிஎக்ஸ்விகே என்ற மென்பொருள் அதை வல்கனாக மாற்றும். புதிய கணினிகளில் இது வேகமானது. எங்கள் பழைய மடிக்கணினிக்கு ஓபன்ஜிஎல்-ஏ போதும் என்று அதிலேயே விட்டுவிட்டோம். தேவை இல்லாத எதையும் சேர்க்கவில்லை.

டெர்மினலில் பல வரிகள் ஓடின. 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கும் வரிகளைப் பார்த்து நான் பதறினேன். பெரும்பாலும் அவை வைனில் இன்னும் எழுதி முடிக்காத பகுதிகளைப் பற்றிய குறிப்புகள்தான். விளையாட்டு ஓடினால் கண்டுகொள்ள வேண்டாம். ஓடாதபோது 'எர்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லும்.

விளையாட்டு திறந்தது. கப்பலில் வந்து இறங்கும் கைதியாக, முதல் ஊரான சேய்டா நீனில் தம்பி திரும்பவும் முதலிலிருந்து நடந்தான்.

"அண்ணே, இந்த கேம்ல நாட்குறிப்பு படிக்காம ஓடினா வழி தவறிடும். நீங்க நேத்து அப்படித்தான் ஓடினீங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சரியாகச் சொன்னான்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

ஒன்று, எந்த மாற்றத்துக்கும் முன் சேவ் கோப்புறையை வேறு இடத்தில் நகலெடுங்கள். எல்லா விளையாட்டும் ஒரே இடத்தில் சேவ் செய்வதில்லை. எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். தம்பி இப்போது வாரம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்து வைக்கிறான். அந்தப் பென்டிரைவை நான் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இரண்டு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றியதை எழுதி வையுங்கள். அஞ்சு மாற்றத்தை ஒரே தடவையில் செய்தால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாருக்குமே தெரியாது.

மூன்று, திருட்டு கேம் வேண்டாம். அது தவறு என்பது ஒரு பக்கம். இன்னொன்றும் இருக்கிறது. வைன் வழக்கமாக நம் லினக்ஸ் கோப்புகள் அனைத்தையும் 'இசட்' டிரைவாகக் காட்டுகிறது. கிராக் செய்த கேமுக்குள் ஒளிந்திருக்கும் கெட்ட நிரல் வைன் வழியாகவே உங்கள் பள்ளிக் கோப்புகளையும் படங்களையும் தொட முடியும். "லினக்ஸ்தானே, வைரஸ் வராது" என்று நம்பி இருக்காதீர்கள்.

நான்கு, எல்லாமே ஓடாது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்க விண்டோஸின் ஆழத்தில் மென்பொருள் வைக்கும் வேலரண்ட் போன்ற விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுவதில்லை. தம்பியிடம் "ஓடும்" என்று வாக்குக் கொடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

ஐந்து, எளிய வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு என்றால், 2018-இல் வந்த புரோட்டான் அதிலேயே இருக்கிறது. வைனை அடிப்படையாகக் கொண்டதுதான் அது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி, லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவதும் அதே புரோட்டானால்தான். மோரோவிண்டுக்கு ஓபன்எம்டபிள்யூ என்ற திறமூல மென்பொருளும் உண்டு. வாங்கிய விளையாட்டின் தரவுக் கோப்புகளைக் கொடுத்தால், வைன் இல்லாமலே நேராக லினக்ஸில் ஓடும். தம்பி இப்போது அதற்குத்தான் மாறியிருக்கிறான்.

முடிவாக

எங்கள் வட்டாரத்து டியூஷன் வகுப்புக்குப் பழைய மடிக்கணினிகள் மூன்று நன்கொடையாக வந்தன. மூன்றிலும் மிண்ட் போட்டவன் தம்பி. ஏதாவது ஓடவில்லை என்று பிள்ளைகள் கூப்பிட்டால், அவன் முதலில் கேட்பது, "அது என்ன சொல்லுச்சு? படிச்சுக் காட்டு." பாதி நேரம், படித்துக் காட்டும்போதே பிள்ளைகளுக்குக் காரணம் புரிந்துவிடுகிறது.

நான் அவனுக்கு அண்ணன். கணினியைத் தொட்டது அவனுக்கு முன்னால். ஆனால் படிக்காமல் ஒட்டியவன் நான், ஒட்டும் முன் படித்தவன் அவன். போன 71 மணி நேரத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை. இந்தப் பாடத்தையாவது உங்களுக்குத் தருகிறேன்.

செய்து பாருங்கள்

1. உங்களுக்குப் பிடித்த விளையாட்டு அல்லது மென்பொருள் ஒன்று தன் கோப்புகளை எங்கே வைக்கிறது என்று கண்டுபிடித்து, நகல் ஒன்று எடுத்து வையுங்கள்.

2. கடைசியாக உங்கள் கணினி காட்டிய பிழைச் செய்தியை நினைவுபடுத்துங்கள். அதை முழுதாகப் படித்தீர்களா, அல்லது மூடிவிட்டீர்களா?

3. வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய மடிக்கணினி இருந்தால், அதில் உள்ள கோப்புகளை முதலில் வேறு இடத்தில் சேமித்துவிட்டு, கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து லினக்ஸ் போட்டுப் பார்ப்போம்.