ஒலியும் ஊதியமும்: கணினியில் இசை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வருகிற இளம் பிள்ளைகளில் சிலர், அகதி விண்ணப்பத்தைப் பற்றிக் கதைத்து முடித்த பிறகு மெதுவாக இன்னொரு கேள்வி கேட்கினம். "நான் ஊரில கீபோர்ட் வாசிச்சனான். போனில பீட் செய்வன். இங்க இதை வைச்சுச் சீவிக்கலாமோ?" என்பதுதான் அது. பெரியவர்கள் இதைக் கேட்டால் "முதல்ல பேப்பரைப் பார், பிறகு பாட்டைப் பார்" என்று சொல்லுவினம். அது பாதிதான் சரி. காத்திருக்கிற காலம் மாதக்கணக்கில் நீளும். அந்தக் காலத்தில் தொழிலைப் பழகலாம். ஆனால் சட்டம் அனுமதிக்கும் வரைக்கும் அதில் காசு வாங்கக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேணும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

1. ரூ பெர்தொனேயும் ரெயில் சத்தமும்

நாங்கள் மரக்கறி வாங்கவும் போன் கார்ட் வாங்கவும் போகிற ரூ பெர்தொனேக்குப் பெயர் தந்தவர் ஒகுஸ்த் பெர்தொனே (1801-1867). அவர் ஒரு ரெயில்பாதைப் பொறியியலாளர். தொழிலாளருக்கு இலவசமாக மாலை வகுப்பு நடத்திய ஒரு சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். கார் து நோர், கார் து லெஸ்ற் என்ற இரண்டு பெரிய ரெயில் நிலையங்களுக்கும் கிட்ட இருக்கிற வீதிக்கு இது பொருத்தமான பெயர்தான்.

இசைக்கும் ரெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1948ஆம் ஆண்டு, பிரெஞ்சு வானொலியில் வேலை செய்த பியேர் ஷெஃபேர் என்பவர் இதே பரிஸில் பத்திஞோல் ரெயில் நிலையத்துக்குப் போய், என்ஜின்களின் சத்தத்தை இசைத்தட்டில் பதிந்தார். அந்தச் சத்தங்களை வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கி, ஏறத்தாழ மூன்று நிமிட இசை ஒன்றைச் செய்தார். அது அந்த ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி வானொலியில் ஒலித்தது. இன்று போனில் 'லூப்' என்று அழுத்துகிறோமே, அதே வேலையை அவர் இசைத்தட்டில் ஊசி ஒரே வட்டத்துக்குள் சுற்றும்படி செய்து பார்த்தவர். ஊசியும் தட்டும் போய்க் கணினி வந்தது. கைவேலை அதேதான்.

ஆகவே "என்னட்டைச் சாமான் இல்லை" என்று மனம் உடைய வேண்டாம். உங்களிடம் போன் இருக்கிறது. வெளியில் ரெயில் இருக்கிறது.

2. பயிற்சி: ஒரு சத்தத்தைச் செதுக்குவோம்

லாச்சப்பல் மெத்ரோ நிலையத்தில் 2ஆம் இலக்க ரெயில் நிலத்துக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. அதன் கீழே நின்று போனில் அரை நிமிடம் பதியுங்கள். ஆட்களின் கதை பதிவாகாத இடமாகப் பாருங்கள். பிறகு கணினியில் 'ஓடாசிட்டி', போனில் 'பேண்ட்லாப்' போன்ற இலவசச் செயலியைத் திறவுங்கள்.

முதலாவது: பதிவு முழுவதையும் கண்ணை மூடிக் கேளுங்கள். சக்கரம் தண்டவாளத்தில் தட்டுகிற ஒரு நல்ல அடி அகப்படும். அதை மட்டும் வெட்டி எடுங்கள். அலைக்கோடு நடுக்கோட்டைத் தொடுகிற இடத்தில் வெட்ட வேணும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒரு அழுக்குச் சத்தம் வரும்.

இரண்டாவது: வேகம். நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்தால், 60,000 மில்லிசெக்கனை 120ஆல் பிரிக்க ஒரு அடிக்கு 500 மில்லிசெக்கன். நாலு அடிக்கு இரண்டு செக்கன். உங்கள் லூப் சரியாக இரண்டு செக்கன் நீளம் இருந்தால் தாளம் வழுக்காது. கோயிலில் தாளம் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை, இவர்களுடைய நாலு நாலாக இரண்டு கட்டுக்குள் அப்படியே உட்காரும்.

மூன்றாவது: சுருதி. பதிவை அரைவாசி வேகத்தில் ஓடவிட்டால் நீளம் இரண்டு மடங்காகும், சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். தகரச் சத்தம் மாதிரி இருந்தது பெரிய மேளம் மாதிரி ஆகும்.

நாலாவது: தொடக்க அடியை வெட்டிப் பாருங்கள். எந்தச் சத்தத்தையும் எங்கள் காது பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிக்கிறது. ஷெஃபேர் மணிச் சத்தத்தின் தொடக்கத்தை வெட்டிவிட்டுக் கேட்டார். மிச்சம் மணி மாதிரியே இல்லை, ஒரு ஊதுகருவி மாதிரி இருந்தது. கோயில் மணியைப் பதிந்து நீங்களும் செய்து பாருங்கள்.

ஐந்தாவது: இடம் விடுதல். எல்லாச் சத்தமும் எல்லா உயரத்திலும் கத்தினால் ஒன்றும் கேளாது. ரெயில் சத்தத்தில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை பில்டரால் குறையுங்கள். அந்த இடம் மேளத்துக்கு வேணும்.

முடிந்ததும் கோப்புக்குப் பெயரும் திகதியும் போட்டுச் சேமியுங்கள். அது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

இதற்கு அமைதியான இடம் இல்லாதவர்களுக்கு: ரூ பாஜோல் பக்கம், பழைய ரெயில்வே மண்டபத்தில் 2013இல் திறந்த வாட்ஸ்லாவ் ஹவேல் நூலகம் இருக்கிறது. லே ஆலில் பரிஸ் நகரசபையின் இசை நூலகம் இருக்கிறது. உள்ளே போய் இருந்து படிக்கக் காசு இல்லை. கூத் தோர் பகுதியில் 2008இல் திறந்த எஃப்.ஜே.ஓ. பார்பரா என்ற இசை நிலையத்தில் பயிற்சி அறைகளும் ஒலிப்பதிவுக் கூடமும் உண்டு. விலைப்பட்டியலைக் கேட்டு வாருங்கள். பிரெஞ்சு கதைக்கவும் அது ஒரு பயிற்சி.

3. எங்கட ஆக்கள் எப்படிச் சீவித்தார்கள்?

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1986இல் தாயோடும் சகோதரங்களோடும் இலங்கையிலிருந்து லண்டனுக்கு அகதியாகத் திரும்பிப் போனவர். அப்போது பத்துப் பதினொரு வயது. ஆங்கிலத்தை அங்கேதான் படித்தார். அவர் படித்தது ஓவியமும் திரைப்படமும், இசையல்ல. பிறகு ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒரே ஒரு தாளப் பெட்டியை வைத்துத் தன் அறையில் பாட்டுக் கட்டினார். 2003இல் முதல் பாட்டு வெறும் 500 இசைத்தட்டாக வெளிவந்தது. 2005இல் முழு அல்பம். அடுத்த அல்பத்துக்கு அமெரிக்கா போக விசா கிடைக்கவில்லை. அவர் சென்னைக்குப் போய் உறுமி மேளம் பதிந்தார். 2007இல் வந்த 'கலா' அல்பத்தில் அந்தச் சத்தம் இருக்கிறது. விசா இல்லாத கதை எங்களுக்குப் புதிதில்லை. அந்த நேரத்தை அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள்.

ஏ.ஆர். ரகுமானுக்கு ஒன்பது வயதில் தகப்பன் இறந்துபோனார். தகப்பனுடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சீவித்தது. பிறகு பிறருடைய குழுவில் கீபோர்ட் வாசித்தார். விளம்பரங்களுக்கு இசை செய்தார். வீட்டு வளவில் ஒலிக்கூடம் கட்டினார். 1992இல் 'ரோஜா' வந்தது. வாடகை, கூலிக்கு வாசிப்பு, விளம்பரம், பிறகுதான் படம்.

இந்தத் தொழிலில் ஒரே வாய்க்காலால் தண்ணீர் வருவது அரிது. ஒலிப்பதிவு, கலவை, குறும்படத்துக்கு இசை, மேடை ஒலியமைப்பு, பிள்ளைகளுக்குப் படிப்பித்தல், உரிமைப் பணம் என்று பல சின்ன வாய்க்கால்கள் சேர வேணும். தமிழ் அகதி ஒருவரின் பரிஸ் வாழ்க்கையைச் சொல்லி 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது எடுத்த 'தீபன்' படத்துக்கு இசை செய்தவர் நிக்கொலா ஜார் என்ற மின்னணு இசைக்காரர். எங்கள் கதைகளுக்கும் இப்படியான ஒலி தேவைப்படுகிறது.

4. நீங்கள் செய்த சத்தம் யாருடையது?

இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

1847இல் ஷான்செலிசேயில் ஒரு கபேயில் ஏர்னெஸ்த் பூர்ஜே என்ற பாடலாசிரியர் இருந்தார். அங்கே அவருடைய பாட்டையே வாசித்தார்கள். பில் வந்தபோது, "நீங்கள் என் இசைக்குக் காசு தரவில்லை, நான் உங்கள் குடிபானத்துக்குக் காசு தரமாட்டேன்" என்ற பொருளில் மறுத்துவிட்டார். வழக்குப் போய் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தச் சண்டையிலிருந்து 1851இல் பிறந்ததுதான் சாசெம் என்ற சங்கம். இன்றும் கபே, கடை, விழா மண்டபம் ஆகியவற்றில் இசை ஒலித்தால் அதற்குக் கட்டணம் சேர்த்து, பதிவு செய்த இசையமைப்பாளருக்குப் பிரித்துக் கொடுப்பது அவர்கள்தான். பதியாதவருக்கு ஒன்றும் வராது.

பிரெஞ்சுச் சட்டம் சொல்லுவது இதுதான்:

அ) இசையைச் செய்த கணத்திலிருந்தே அது உங்களுடையது. அதற்குப் பதிவு தேவையில்லை. நீங்கள் கார்ட் உள்ளவரா இல்லாதவரா என்பதும் இதை மாற்றாது. ஆனால் சண்டை வந்தால் எந்தத் திகதியில் செய்தீர்கள் என்று நிரூபிக்க வேணும். அதற்குத்தான் திகதி போட்ட கோப்பு. இன்னும் உறுதி வேண்டுமென்றால், இன்பி என்ற அரச நிறுவனத்தில் 'ஈ-சோலோ' என்று இணையத்தில் கோப்பை வைப்பிலிடலாம்.

ஆ) உங்கள் பெயர் போடப்படுகிற உரிமையை விற்க முடியாது. காசு வாங்கினாலும் பெயர் உங்களுடையதுதான்.

இ) "இனி நீ செய்யப்போகிற எல்லாம் எனக்கு" என்று எழுதி வாங்குகிற ஒப்பந்தம் செல்லாது. எந்த உரிமை, எந்த நாட்டில், எவ்வளவு காலம் என்று ஒவ்வொன்றாக எழுத வேணும்.

ஈ) புனைபெயரில் வெளியிடலாம். சட்டப் பாதுகாப்பு அப்படியே இருக்கும். ஊரில் குடும்பம் இருக்கிறவர்கள், வழக்கு முடியாதவர்கள் சொந்தப் பெயரையும் முகத்தையும் போட முன் யோசியுங்கள். அரசியல் வரிகள் உள்ள பாட்டென்றால் இன்னும் கவனம்.

உ) மற்றவரின் பாட்டில் ஒரு துண்டு எடுத்தால் அவரிடம் அனுமதி எடுக்க வேணும். எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் த கிளாஷ் என்ற குழுவின் பழைய பாட்டுத் துண்டு இருக்கிறது. அதனால் அந்தக் குழுவினரின் பெயரும் பாட்டை எழுதியவர்களாகச் சேர்ந்திருக்கிறது. பெயர் சேர்ந்தால் பங்கும் போகும். இளையராஜா பாட்டை ரீமிக்ஸ் செய்து பழகலாம். அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

எங்களிடம் வந்த ஒரு தம்பி, ஒரு குறும்படத்துக்கு இரண்டு மாதம் இராத்திரி இராத்திரியாக இசை செய்தவர். படம் வந்தபோது அவருடைய பெயர் இல்லை. ஒப்பந்தமும் இல்லை. அவரிடம் இருந்தது திகதியோடு கூடிய கோப்புகளும் வட்ஸ்அப் செய்திகளும்தான். அதைக் காட்டித்தான் பெயர் போடுவிக்க முடிந்தது. ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

5. இப்போது என்ன செய்யலாம்?

அகதி விண்ணப்பச் சான்று (அத்தெஸ்தாசியோன்) மட்டும் உள்ளவருக்கு உடனே வேலை செய்யும் உரிமை இல்லை. ஆறு மாதம் கடந்தும், உங்கள் பக்கத் தவறு இல்லாமல், ஒஃப்ரா முடிவு தராவிட்டால், வேலை தருகிற முதலாளி உங்களுக்காக வேலை அனுமதி கேட்கலாம். அதுவும் சம்பள வேலைக்குத்தான். சொந்தத் தொழில் பதிந்து பில் எழுத இந்தச் சான்றில் முடியாது.

"கலியாண வீட்டுக்கு வந்து டி.ஜே. செய், கையில காசு தாறன்" என்பது கறுப்பு வேலை. விபத்து நடந்தால் பாதுகாப்பு இல்லை. வருமானத்தை ஒஃபிக்கு மறைத்தால் உதவித்தொகையும் தங்குமிடமும் நிறுத்தப்படலாம். "சும்மா உதவிக்கு வா" என்பதும் கவனம். இலாபத்துக்கு நடக்கிற நிறுவனம் ஒருவரைத் தொண்டர் என்று சொல்லி வேலை வாங்க முடியாது. இலாப நோக்கற்ற சங்கத்தில் சம்பளமில்லாமல் தொண்டு செய்வது வேறு, அது செய்யலாம். ஏற்கனவே யாரிடமாவது வேலை செய்து காசு வராமல் இருந்தால் பயந்து பேசாமல் இருக்க வேண்டாம். அனுமதி இல்லாதவரின் உழைப்புக்கும் சம்பளம் கொடுக்க வேணும் என்பது சட்டம். எங்களிடம் வாருங்கள்.

அகதி அந்தஸ்தோ துணைப் பாதுகாப்போ கிடைத்த பிறகு கதவு திறக்கும். சம்பள வேலையும் சொந்தத் தொழிலும் செய்யலாம். மேடையில் வாசிக்கிற கலைஞரைப் பிரெஞ்சுச் சட்டம் கூலியாள் என்றே கருதுகிறது. ஆகவே மேடைக்குக் கூப்பிடுகிறவர் உங்களை வேலைக்காரராகப் பதிய வேணும். எப்போதாவது ஒரு நிகழ்ச்சி வைக்கிறவருக்குக் கூட 'கூசோ' என்ற எளிய பதிவு முறை இருக்கிறது. கலைத்துறையில் பன்னிரண்டு மாதத்தில் 507 மணித்தியாலம் பதிவான வேலை இருந்தால், வேலையில்லாக் காலத்துக்குத் தனியான கொடுப்பனவு கேட்கலாம். பதியாத இரவு ஒன்றும் அந்தக் கணக்கில் சேராது.

6. பாடமாக்க வேண்டிய சொற்கள்

கொந்த்ரா: ஒப்பந்தம்
கஷே: ஒரு நிகழ்ச்சிக்கான கலைஞர் சம்பளம்
ஃபிஷ் து பே: சம்பளத் துண்டு
ஃபக்த்யூர்: பில் (சொந்தத் தொழில் பதிந்தவர் எழுதுவது)
த்ருவா தோத்தர்: படைப்பாளி உரிமை
செஸியோன் து த்ருவா: உரிமையைக் கொடுத்தல். இந்தச் சொல் உள்ள காகிதத்தில் உடனே கையெழுத்து வைக்க வேண்டாம்.

7. வீட்டு வேலை

இந்தக் கிழமை ஒரு சத்தத்தைப் பதிந்து, இரண்டு செக்கன் லூப் ஒன்று செய்து, பெயரும் திகதியும் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒரு கொப்பியில் செய்த திகதி, கூட வேலை செய்தவரின் பெயர், யாருடைய பங்கு எவ்வளவு என்று எழுதுங்கள். யாராவது ஒப்பந்தம் தந்தால் "வாசிச்சிட்டுத் தாறன்" என்று சொல்லி வாங்கி வாருங்கள். இருந்து வரி வரியாகப் பார்ப்போம். வரும்போது அத்தெஸ்தாசியோனையும், ஒஃப்ரா, ஒஃபி கடிதங்களையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். லூப்பையும் கொண்டு வந்தால் கேட்க எங்களுக்கும் ஆசைதான்.