மூளையைப் பார்க்கும் ஒளி

"ஒளி பாய்ச்சும் தொப்பி ஒன்றை மாட்டினால், பையனுக்கு ஆட்டிசமா இல்லையா என்று தெரிந்துவிடுமாமே?" என்று சங்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவந்து ஒளிரும். சிவப்பு ஒளியும் அதையடுத்த அகச்சிவப்பு ஒளியும் உடலில் ஓரளவு ஊடுருவும். இவ்வொளியால் மூளையிலுள்ள ஆக்ஸிஜன் மாற்றத்தை அறியலாம் என்று 1977-இல் அமெரிக்காவில் ஃபிரான்ஸ் யோப்சிஸ் காட்டினார். மூளையில் வேலை நடக்கும் பகுதிக்கு ரத்தம் அதிகம் பாயும். ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தமும் குறைந்த ரத்தமும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். திரும்பி வரும் ஒளியைத் தொப்பி அளக்கிறது.

எம்.ஆர்.ஐ. கருவியின் இரைச்சலில் அசையாமல் படுக்க வேண்டும். தொப்பி அணிந்த குழந்தையோ தாய் மடியிலேயே இருக்கலாம். ஆகவே ஆட்டிசம் ஆராய்ச்சியாளர்கள் இதை விரும்புகிறார்கள். முகம் பார்க்கையில், பேச்சுக் கேட்கையில் மூளை இயங்குவதை ஆராய்ந்தார்கள். தாய், சேய் இருவரும் சேர்ந்து விளையாடும்போது இரு மூளைகளையும் ஒருங்கே அளக்கும் ஆய்வுகளும் வந்துள்ளன.

குறைகளும் உண்டு. ஒளி மூளையின் மேற்பரப்பை மட்டுமே எட்டும். பல ஆய்வுகளில் கலந்துகொண்ட குழந்தைகள் சிலரே. முடிவுகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எனவே இது ஆராய்ச்சிக் கருவிதான். ஆட்டிசத்தை உறுதி செய்யும் சோதனை அன்று.

மருத்துவர்கள் இன்றும் நடத்தையைக் கவனித்தே முடிவு செய்கிறார்கள். ஒன்றரை வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், விரலால் எதையும் சுட்டிக் காட்டாமலும் இருந்தால், "வீட்டில் தமிழ், வெளியே இந்தி, அதனால்தான்" என்று நாளைக் கடத்தாதீர்கள். இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. தமிழில் பேசுவதை நிறுத்தவும் வேண்டாம். தொப்பிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குழந்தை மருத்துவரை உடனே பாருங்கள்.