பல்லியும் பள்ளியும்
தொடக்க வகுப்பு ஆசிரியர்கட்குச் சில செயன்முறைகள்

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் தொடக்க வகுப்புகளிலே கற்பிக்க முன்வந்திருக்கும் தொண்டாசிரியர்கட்கும், அவர்கட்குத் துணைநிற்கும் பெற்றோருக்கும் பயன்படுமெனக் கருதி, எமது வகுப்பறை அனுபவங்கள் சிலவற்றை இங்கே தருகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது அரிவரி வகுப்பில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "நான் சனிக்கிழமை பல்லிக்கூடம் வருவேன்" என்றான். வகுப்பே சிரித்தது. தாயகத்தில் பல்லாண்டு கற்பித்த நாமும் சிரித்துவிட்டோம். அதன்பின் ஐந்து வாரங்கள் அச்சிறுவன் வாய் திறக்கவில்லை.

பிழை அவனுடையதன்று, எம்முடையது. வாரத்தில் ஐந்து நாளும் பாடசாலையில் அவன் கேட்பது ஆங்கிலம். லகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்திப் பொருள் காணும் வழக்கம் அம்மொழியில் இல்லை. செவி பழகாத ஒலியை நா எங்ஙனம் ஒலிக்கும்? தாயகத்துப் பிள்ளைகள் தமிழைக் கேட்டு நிறைந்த பின்னரே எம்மிடம் வந்தார்கள். நாம் எழுத்தை மட்டும் கற்பித்தோம். இங்கோ வாரம் இரண்டு மணி நேரத்தில் செவி, நா, கை மூன்றையும் பழக்கவேண்டியுள்ளது. அதற்கென நாம் கையாளும் நான்கு முறைகள் இவை:

1. படம் உயர்த்துதல்: பல்லி–பள்ளி, புலி–புளி, கரி–கறி எனச் சோடி சோடியாகப் படங்கள் வரைந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுங்கள். ஆசிரியர் சொல்லைக் கூற, பிள்ளைகள் உரிய படத்தை உயர்த்துவர். முதல் மாதம் கேட்டலே போதும். பின்னர் பிள்ளைகள் கூற, ஆசிரியர் உயர்த்தவேண்டும். இடையிடையே வேண்டுமென்றே பிழையான படத்தை உயர்த்துங்கள். ஆசிரியரைத் திருத்தும் மகிழ்ச்சிக்காகவே வாய் திறக்கும் பிள்ளைகள் பலர்.

2. எழுத்துச் சக்கரம்: 247 எழுத்துகள் என்றதும் பிள்ளைகள் மலைக்கின்றனர். பெரிய மட்டை வட்டத்தின் விளிம்பில் 18 மெய்களையும், அதன்மேல் சுழலும் சிறிய வட்டத்தில் 12 உயிர்களையும் எழுதுங்கள். க் என்பதன் நேரே ஆ வந்து நின்றால், பிள்ளை 'கா' என ஒலித்து எழுதவேண்டும். 216 உயிர்மெய்களும் இச்சேர்க்கையிற் பிறப்பவையே என்பது தானே விளங்கும். உகர, ஊகார வரிசைகளின் வடிவம் மெய்க்கு மெய் வேறுபடுவதால், அவற்றை இறுதியில் தனியே பழக்குங்கள்.

3. அரிசித் தட்டு: விசயதசமியன்று ஏடு தொடக்கியபின் அரிசியை மறந்துவிடுகின்றோம். அதுவே சிறந்த எழுதுபலகை. பிழைத்தால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினாற் போதும். சிவப்பு மைக் கோடு இல்லை, அழித்த அடையாளமும் இல்லை.

4. வீட்டுச் சொல்: பாடநூலில் இல்லாத ஒரு சொல்லை வாரந்தோறும் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு வரச்செய்யுங்கள். சுளகு, அகப்பை, உரல் என வரும் சொற்களைப் படத்துடன் சுவரில் ஒட்டுங்கள். சொல்லைத் தந்தவர் யார் என்பதையும் பிள்ளை கூறட்டும்.

பெற்றோரே, இம்முறைகள் யாவும் உங்கள் வீட்டிலும் தொடர்ந்தாலன்றிப் பயன் தரா. விருந்தினர் முன்னிலையில் பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். அதைச் சொல்லி நகையாடாதீர்கள். பிள்ளை பிழையாகச் சொன்ன சொல்லை உங்கள் மறுமொழியிற் சரியாக அமைத்துக் கூறுங்கள். அதுவே போதிய திருத்தம். பிழையோடு பேசும் பிள்ளை நாளடைவில் திருந்தும். பேசாதிருக்கும் பிள்ளையோ, தொலைபேசியின் மறுமுனையில் காத்திருக்கும் அம்மம்மாவுக்கு என்ன கொடுக்கும்?

அச்சிறுவன் ஆறாவது வாரத்திற் பேசினான். நாம் பள்ளி என்று கூறிப் பல்லிப் படத்தை உயர்த்தியபோது, "பிழை, சேர்!" என்று முதலில் எழுந்த குரல் அவனுடையது. அன்று வகுப்பு மீண்டும் சிரித்தது; அவனும் சேர்ந்து சிரித்தான்.