வீழ்ந்த தென்னையும் அரசின் உதவியும்

பிற தொழில் செய்வோர் தம் பொருளைப் பூட்டி வைத்துக் காக்கலாம். உழவரோ தம் முதலையும் உழைப்பையும் திறந்த வெளியில் இட்டுவிட்டு, வானை நோக்கி இருப்பவர். மழை பொய்ப்பினும் கெடுதி, மிகினும் கெடுதி. அவ்வாறு கெட்டாரைத் தாங்குதல் நல்லரசின் கடமையாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தகைய உதவி கடன் உருவிலும் வழங்கப்பட்டது. 1883, 1884 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களின்படி, கிணறு வெட்டவும் விதையும் மாடும் வாங்கவும் உழவர் அரசினரிடம் கடன் பெற்றனர். அதற்குத் தக்காவிக் கடன் என்பது பெயர். அதனை வட்டியுடன் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். இக்காலத்தில் அளிக்கப்படும் பயிர் நிவாரணமோ திருப்பித் தர வேண்டாதது. பயிரில் 33 விழுக்காடோ அதற்கு மேலோ அழிந்திருப்பின், பேரிடர் நிதியிலிருந்து உதவி பெறலாம்.

2018 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் விடியற்காலத்தில், கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய பகுதிகளில் இருந்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. வீழ்ந்த மரம் பயன் தாராமையோடு, நிலத்தையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆதலின் தமிழ்நாட்டு அரசு, மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் வழங்க முன்வந்தது. எக்டேர் ஒன்றுக்கு 175 மரங்கள் எனக் கொண்டால், இத்தொகை 1,92,500 ரூபாய் ஆகும்.

இத்தொகை தென்னையின் விலையாகுமோ எனின், ஆகாது. நெட்டைத் தென்னங்கன்று காய்க்கத் தொடங்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். காய்த்தபின் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரும். அவ்விழப்பு முழுவதையும் எவ்வரசும் ஈடு செய்தல் அரிது. வீழ்ந்தவன் எழுந்து நிற்க ஓர் ஊன்றுகோல் கொடுப்பதே நிவாரணத்தின் நோக்கமாகும்.

அவ்வூன்றுகோல் உரியவன் கையைச் சேருதல் வேண்டும். கிராம நிருவாக அலுவலரும் வேளாண்மைத் துறையினரும் வயல்தோறும் சென்று சேதத்தைக் கணக்கிடுவர். எந்த நிலத்தில் எப்பயிர் இருந்தது என்பதை அடங்கல் என்னும் ஏடு காட்டும். அதன் துணைகொண்டு பட்டியல் எழுதப்படும். தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். ஏட்டில் பிழை நேரின் உதவியிலும் பிழை நேரும்.

குத்தகைக்கு உழுவோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வாய்ச்சொல்லை நம்பிப் பயிரிடுபவனுடைய பெயர் எந்த ஏட்டிலும் இராது. விதை வாங்கியவன் அவன். நாற்று நட்டவன் அவன். வெள்ளத்தில் யாவும் இழந்தவனும் அவனே. ஆயினும், நிவாரணம் நிலவுடைமையாளர் பெயருக்குச் செல்லுதல் கூடும். குத்தகையாளரின் உரிமையைப் பதிவு செய்தற்கென 1969 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அப்பதிவைச் செய்துகொள்ளாத உழவன், இடர் வந்த நாளில் தன் உழைப்புக்குச் சான்றின்றித் தவிப்பான்.

புயலைத் தடுத்தல் மனிதரால் இயலாது. ஆயின், உழுதவன் பெயரை உள்ளவாறு எழுதிவைத்தல் இயலும். அரசின் கொடை பெரிதாயினும், கணக்கு நேர்மையாக இருந்தாலன்றி அஃது அறமாகாது. எழுத்தறிந்த இளைஞர் தம் ஊர் உழவர்க்கு அவ்வேட்டைப் படித்துக் காட்டி, பிழை இருப்பின் காலத்தே திருத்திக்கொள்ளத் துணை நிற்பின், அதுவும் ஒரு நிவாரணமே ஆகும்.