கற்க வந்தவரிடமிருந்து தொடங்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. அமெரிக்காவின் சிராக்கியூஸில் உன் படிப்புக்கு நடுவே, பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டர்களோடு சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. ஆங்கிலம் தெரிந்தால் போதுமா, சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டுமே என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தான் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது இரவு வகுப்பு எடுத்தவள் நான். அங்கே கண்டதையும், அதன்பின் முதியோர் கல்வியைப் பற்றிப் படித்து அறிந்ததையும் சேர்த்து உனக்கு எழுதுகிறேன்.

நீ இறங்கியிருக்கும் வேலைக்கு நீ இருக்கும் ஊரே தாய்வீடு. 1960-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, சிராக்கியூஸ் பகுதியில் மட்டும் 11,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய எழுத்தறிவு இல்லை என்ற செய்தி நாளிதழில் வந்தது. அதைப் படித்து அதிர்ந்தவர்களில் ஒருவர் ரூத் கால்வின் என்ற இல்லத்தரசி. படித்து வருந்தியதோடு அவர் நிற்கவில்லை. 1962-ல் தன் வீட்டின் நிலவறையிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். வாசிப்பைக் கற்பிப்பதில் தேர்ந்த பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் போய் முறையைக் கேட்டறிந்தார். தேவாலயங்களைச் சேர்ந்த பெண்களைத் திரட்டினார். பயிற்சி கொடுத்த பிறகே அவர்களைக் கற்பிக்க அனுப்பினார். அதுதான் பின்னர் ‘லிட்டரசி வாலண்டியர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்று நாடெங்கும் பரவி, 2002-ல் ஃபிராங்க் லாபாக் தொடங்கிய எழுத்தறிவு அமைப்போடு இணைந்து ‘ப்ரோலிட்டரசி’ ஆயிற்று. 2006-ல் அதிபர் கையால் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கம் பெற்ற ரூத் கால்வின், 2024-ல் தம் 107-ஆவது வயதில் காலமானார். அவர் வாழ்க்கையிலிருந்து உனக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது, முறையும் தெரிய வேண்டும். அந்த முறையை எவரும் கற்றுக்கொள்ள முடியும்.

‘அமெரிக்காவில் எழுத்தறிவு இல்லாதவர்களா?’ என்று இங்கே கேட்பவர்கள் உண்டு. 2023-ல் நடந்த பன்னாட்டு ஆய்வில், அந்நாட்டில் 16 முதல் 65 வயதுள்ளவர்களில் 28 விழுக்காட்டினரின் எழுத்தறிவு முதல் நிலையிலோ அதற்கும் கீழோதான் இருந்தது. ஆகவே உனக்கு வேலை நிறைய இருக்கிறது.

இனி முறைக்கு வருகிறேன். நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் ஒரு வரியில் அடக்கலாம்: பெரியவருக்குப் பாடம் அவருடைய வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்.

இதை மிகத் தெளிவாகச் செய்து காட்டிய வகுப்பு, தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் தொடங்கியது. அந்த மாநிலத்தில் ஒருவர் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அப்போது வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்துவதற்கு அந்தத் தேர்வு பயன்பட்டது. தீவிலிருந்து ஆட்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற ஈசா ஜென்கின்ஸ், ஓடும் பேருந்திலேயே பயணிகளுக்கு அந்தச் சட்டப் பகுதியைச் சொல்லிக்கொடுத்தார். பேருந்து போதாமல் வகுப்பு தேவைப்பட்டது. கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காகப் பள்ளி வேலையைப் பறிகொடுத்திருந்த செப்டிமா கிளார்க், தம் உறவினரான பெர்னிஸ் ராபின்சனை ஆசிரியராகத் தேர்ந்தார். பெர்னிஸ் அழகுநிலையம் நடத்தியவர், தையற்காரர். ஆசிரியப் பயிற்சி ஏதும் இல்லாதவர். கற்க வருகிறவர்களைத் தாழ்வாகப் பார்க்காத ஒருவர் வேண்டும் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தார்கள்.

கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு கூடியது. தொடக்கப் பள்ளிப் பாடங்களை பெர்னிஸ் கொண்டுபோயிருந்தார். வயலில் உழைத்துக் காய்த்த கைகளுக்கு அவை பொருந்தாது என்று உடனே கண்டுகொண்டார். அவற்றை ஒதுக்கிவிட்டு, ‘உங்களுக்கு என்ன கற்க வேண்டும்?’ என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும், மணியார்டர் அனுப்ப வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும் என்றார்கள். அதுவே அந்த வகுப்பின் பாடத்திட்டம் ஆயிற்று. பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இதே வகுப்புகளைத் தென் மாநிலங்கள் எங்கும் நடத்தியது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டு வாக்காளர் ஆனார்கள்.

அதனால் முதல் நாளில் கேள், சொல்லிக்கொடுக்க அவசரப்படாதே. எதிரே வந்து உட்காருகிறவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை முதலில் தெரிந்துகொள். தன் தாய்மொழியில் நன்றாகப் படித்து, ஆங்கிலம் மட்டும் தெரியாதவர் ஒரு வகை. அவர் ஒரு பொறியாளராகவோ ஆசிரியராகவோகூட இருந்திருக்கலாம். அவருக்கு வேண்டியது பேச்சும் சொற்களும். எந்த மொழியிலும் எழுத்தறியாதவர் இன்னொரு வகை. உன் ஊரில் குடியேறியிருக்கும் பூட்டான் அகதிகளில், நேபாள முகாம்களில் பல ஆண்டுகள் கழித்த முதியவர்களிடையே இத்தகையோரைக் காண்பாய். அவர்களுக்கு முதல் வேலை, பேசும் சொல்லைத் தாளில் எழுதிவைக்க முடியும் என்பதைக் காட்டுவது. அங்கேயே பிறந்து வளர்ந்து, சரளமாக ஆங்கிலம் பேசி, வாசிக்க மட்டும் தெரியாதவர் மூன்றாம் வகை. பல ஆண்டுகளாக அதை வீட்டாரிடம்கூட மறைத்து வாழ்ந்திருப்பார். வகுப்புக்குள் வருவதற்கே அவருக்கு மிகுந்த துணிவு வேண்டியிருந்திருக்கும். இந்த மூவருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் மூவருமே நின்றுவிடுவார்கள்.

இன்னொன்றும் பார். நாற்பது வயதைத் தாண்டியவர் தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திணறினால், அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். அறிவொளி வகுப்புகளில் மூக்குக்கண்ணாடி போட்டதும் வாசிக்கத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் கண்ணைக் கவனி.

இனி, நீ கட்டாயம் பழக வேண்டிய ஒரு முறை. கற்பவர் தம் வாழ்க்கையைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்லட்டும். ஓட்டல் சலவைப் பிரிவில் இரவு வேலை பார்க்கும் ஒரு பெண் உன்னிடம் வந்திருக்கிறார் என்று வை. ‘ஐ வாஷ் ஷீட்ஸ். ஐ ஒர்க் நைட்’ என்கிறார். அவர் கண் முன்னே, பெரிய எழுத்தில், அவர் சொன்னபடியே எழுது. எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கட்டும், ஆனால் இலக்கணத்தை அப்போதே திருத்தாதே. தாளில் இருப்பது அவர் பேச்சு என்று அவருக்குப் படவேண்டும். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை ஓட்டி நீ வாசித்துக் காட்டு. பிறகு இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பிறகு அவர் தனியே வாசிக்கட்டும். தன் வாக்கியம் ஆதலால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும், அந்தத் தெம்பில் கண் எழுத்தைப் பற்றிக்கொள்ளும்.

அடுத்து, அந்த வாக்கியங்களைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துக் கொடு, அவர் அடுக்கட்டும். ‘ஷீட்ஸ்’ என்ற சொல்லை மட்டும் எடு. அதன் தொடக்கத்தில் ‘எஸ்’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒரே ஒலி தருவதைக் காட்டு. அதே ஒலியில் தொடங்கும் ஷாப், ஷூ, ஷிஃப்ட் என்ற சொற்களை அவரே நினைத்துச் சொல்லட்டும். அவர் வாழ்க்கையில் நாள்தோறும் வரும் சொற்கள் அவை. இப்படி ஒரு சொல்லிலிருந்து ஓர் ஒலி விதியைக் கற்றுவிடுவார். தாள்களை ஒரு கோப்பில் சேர்த்துவை. சில மாதங்களில் அவர் கையில் அவரே சொல்லி உருவான புத்தகம் ஒன்று இருக்கும்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. அதனால் ஏ, பி, சி என்று எழுத்தின் பெயரை ஒப்பிக்கச் செய்வதால் வாசிப்பு வராது. எழுத்து தரும் ஒலியைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும். லாபாக் தம் அட்டைகளில் எழுத்தின் வடிவத்தைப் படத்துக்குள்ளேயே அமைத்தார். பறவையின் படம் ‘பி’ எழுத்தின் வடிவில் இருக்கும், ஆங்கிலத்தில் பறவையைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலியில் தொடங்கும். எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாமல் அடிக்கடி வரும் சின்னச் சொற்களும் உண்டு. அவற்றைக் கண்ணால் பார்த்தே பழக வேண்டும். எட்வர்ட் டால்ச் என்பவர் தொகுத்த 220 சொற்களின் பட்டியல் இதற்கு உதவும். அதைக் கொத்தாகக் கொடுக்காதே. அவர் வாக்கியத்தில் வரும்போது நாலைந்தாக எடுத்துக் கொடு.

பேச்சுப் பயிற்சிக்கும் பொருள் தேடி அலைய வேண்டாம். மருந்துப் புட்டியின் சீட்டு, பேருந்து நேர அட்டவணை, பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த கடிதம், மின்கட்டண ரசீது, வேலை விண்ணப்பம் எல்லாம் பாடங்களே. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி நேரம் கேட்பதை இருவரும் நடித்துப் பழகுங்கள். நீ மருத்துவமனை ஊழியராகப் பேசு, அவர் நோயாளியாகப் பேசட்டும். குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் வருவார்கள். அங்கே மூன்று வாக்கியங்கள் கொடுத்து ஒன்றையாவது சரியாக வாசிக்கச் சொல்வார்கள், மூன்றில் ஒன்றையாவது கேட்டு எழுதச் சொல்வார்கள். மலைபோலத் தெரிகிற தேர்வு, இப்படிப் பிரித்துச் சொன்னால் எட்டிவிடும் தூரத்தில் தெரியும்.

நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். குழந்தைப் புத்தகத்தைக் கொடுக்காதே. புரியவில்லை என்றால் சத்தமாகச் சொல்வதால் பயனில்லை, மெதுவாக, வேறு சொல்லில் சொல். கேள்வி கேட்டபின் பொறுத்திரு. இரண்டாவது மொழியில் பதிலைத் தேடி எடுக்க நேரம் ஆகும். அந்த மௌனத்தை நீ நிரப்பிவிட்டால் அவர் வாய் திறக்கவே மாட்டார். பத்துத் தவறு வந்தாலும் அன்றைக்கு ஒன்றைத் திருத்து. ‘சபாஷ்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘போன வாரம் தடுமாறிய சொல்லை இன்று நிற்காமல் படித்தீர்கள்’ என்று குறிப்பாகச் சொல். தாய்மொழியைத் தடுக்காதே. தமக்குத் தெரிந்த எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்வார்கள், அது கைத்தாங்கல்தான். அவர் சொல்லும் குடும்பச் சங்கதிகள் உன்னோடு நிற்கட்டும். சட்டம், கடன், குடியேற்றம் பற்றிய தாள்களை வாசித்துப் புரிந்துகொள்ள உதவலாம். என்ன செய்வது என்ற ஆலோசனையை அந்தத் துறை அறிந்தவர்களிடம் அனுப்பு.

வராமல் போகும் நாள்கள் உண்டு. இரட்டை ஷிஃப்ட், பிள்ளைக்குக் காய்ச்சல், பனி கொட்டிப் பேருந்து நின்றுபோன மாலை. அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதே. திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து மலர்ந்த முகத்தோடு தொடங்கு. முன்னேற்றத்தை மதிப்பெண்ணால் அளக்காதே. ‘இந்த மாதம் என்ன புதிதாகச் செய்தீர்கள்?’ என்று கேள். மகனின் ஆசிரியையிடம் தானே பேசினேன் என்றால் அது பெரிய தேர்ச்சி. எங்கள் மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கற்றவர் தன் விருப்பப்படி ஓரிடம் போய்வர முடிந்தால்தான் கல்வி வாழ்க்கைக்குள் வந்ததாக அர்த்தம்.

தொண்டர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அரசு தன் கடமையிலிருந்து ஒதுங்கிவிடக் கூடாது. சம்பளம் பெறும் தேர்ந்த ஆசிரியர்களும் நிலையான வகுப்புகளும் வேண்டும். உன்னால் முடியாத அளவு உதவி ஒருவருக்குத் தேவைப்பட்டால், ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் சொல்.

லாபாக் 1930-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸின் லனாவோ பகுதியில், மரனாவோ மக்களிடையே வேலை செய்துகொண்டிருந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தால் பணம் நின்று, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போனது. வகுப்புகளை நிறுத்த அந்த மக்களின் தலைவர் ஒருவர் சம்மதிக்கவில்லை. கற்ற ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்கட்டும் என்று கட்டளையிட்டார். ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்போம் என்று உலகம் சுற்றிய அந்த முழக்கம், அன்று கற்க வந்தவர்களிடமிருந்தே பிறந்தது. உன்னிடம் கற்பவரையும் அந்த நம்பிக்கையோடு பார். இன்று ஒரு பாராவை வாசித்தவர், அடுத்த வாரம் புதிதாக வந்தவருக்கு அதை வாசித்துக் காட்டட்டும். கற்பிக்கும் இடத்தில் உட்காரும்போது அவருக்குத் தன் மேல் வரும் மதிப்பை நீ எந்தப் பாடத்தாலும் கொடுத்துவிட முடியாது.

முதல் வகுப்புக்கு ஒரு வெற்றுத் தாளும் தடித்த பேனாவும் கொண்டுபோ, போதும். எதற்காகக் கற்க வந்தீர்கள் என்று கேள். அவர் சொல்லும் பதிலை அவர் பார்க்க எழுது. அதுதான் உங்கள் இருவருக்கும் முதல் பாடம்.

அன்புடன்,
உன் அத்தை