முக்கொம்பில் திறந்தவெளிப் பாட்டு: கட்டையைத் தேர்வது குறித்துச் சில குறிப்புகள்

பொழுதுபோக்கு இசைக்குழுக்கள் திரைப்பாடல்களை ஒத்திகை பார்க்கும்போது, பாடல் தேர்வுக்கும் தாளக்கட்டுக்கும் செலவிடும் நேரத்தில் சிறு பகுதியைக்கூடச் சுருதிக்கு ஒதுக்காமல், மூலப் பதிவு அமைந்த கட்டையையே கேள்வியின்றி ஏற்றுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கட்டை என்பது ஆர்மோனியக் கட்டைகளின் வரிசையைக் கொண்டு ஆதார சட்சத்தின் உயரத்தைச் சுட்டுவது. மேலைமுறையின் சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று. ஸ்ரீரங்கத்து மாடி அறை ஒன்றில் பயின்று, ஆடி மாதத்தில் முக்கொம்பில் பாடச் சென்ற குழுவுக்கு நேர்ந்த இடர் முழுவதும் இந்த ஒரு முடிவால் விளைந்தது.

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து ஸ்ரீரங்கத் தீவு தொடங்கும் இடம் முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1836-1838இல் அமைத்த மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தபின் அருகே புதிய கதவணை கட்டப்பட்டது. கோடையில் பூங்காவில் அமைதி நிலவுவதால் அப்போது இடம் பார்த்துத் திரும்புவோர் ஏமாறுவர். மேட்டூர் அணை திறந்து மதகுகளில் நீர் விழும் நாள்களில் எழும் இரைச்சல், ஆண்குரலின் தாழ்ந்த சுரங்களை மூடிவிடுகிறது. எதிரொலிக்கச் சுவரில்லாத வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கட்டையில் தொடங்கும் பல்லவி இரண்டாம் வரிசையில் நிற்பவரைக்கூட எட்டாததில் வியப்பில்லை. ஒலிபெருக்கி பரவாத நாடக மேடைகளில் எஸ்.ஜி. கிட்டப்பாவும், திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் உச்சக் குரலில் பாடியதை வெறும் ரசனை என்று கருதுவோர் ஆற்றங்கரையில் ஒருமுறை பாடிப் பார்க்கலாம்.

இக்குழுவின் பாடகர் மூன்று கட்டை வேண்டும் என்று தொடக்கத்திலேயே எடுத்துரைத்தார் என்பதும், மூலத்துக்கு விசுவாசம் என்ற பெயரில் கீபோர்டு வாசித்தவர் அதை மறுத்தார் என்பதும் பதிவு செய்யத்தக்கவை. பொத்தானை அழுத்தியதும் கட்டையை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் வசதி கீபோர்டிலேயே உண்டு. கிட்டாருக்கோ, தந்திகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்னும் கவ்வியை நான்காவது ஃப்ரெட்டில் மாட்டினால் ஒரு கட்டை மூன்றாகிவிடும். உண்மையான இடையூறு புல்லாங்குழலுக்கு மட்டுமே, ஏனெனில் ஒரு சுருதிக்கென்று துளையிட்ட மூங்கிலை அவசரத்தில் உயர்த்த இயலாது. கரையில் வேறு வழியின்றிக் கட்டையை ஏற்றியபோது, குழலுக்காகவே தேர்ந்தெடுத்த பாடல்களில் குழல் ஒலிக்கவில்லை. ஆகவே ஒத்திகை முதல் நாளில் பாடகரைத் திறந்த மொட்டைமாடியில் நிறுத்தி, மிகத் தாழ்ந்த அடியைப் பாடச் சொல்லி, அது எதிர்முனையில் கேட்கும் கட்டையைக் குறித்துக்கொண்டு, அதன்பின் குழல் வாங்குவதே முறை.

ஏனையவை எல்லோரும் அறிந்தவை: வேலைக்குச் செல்வோருக்கு ஞாயிறு மாலையே ஒத்திகைக்குக் கிடைக்கும், பத்துப் பாடல் போதும், அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்றில் பாட்டுத்தாள் நில்லாது, மனப்பாடம் வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி தேவை என்பதால் அதை நம்பிப் புறப்படலாகாது. பயில்முறைச் சங்கங்கள் கட்டணம் செலுத்தாத அவையோர்முன் பாடுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. துண்டு விரித்துக் காசு பெற்றால் அவ்விலக்கு நிற்குமா என்பது வாதத்துக்குரியது. இக்குழு துண்டு விரிக்கவில்லை. விரித்திருந்தாலும் அன்று விழுந்திருக்கக் கூடியது சொற்பமே.

கீபோர்டு வாசித்தவர் இன்றும் மூலப் பதிவின் கட்டையையே வலியுறுத்துவதாகத் தெரிகிறது. அவருடன் பாடுபவர் இப்போது வேறொருவர்.