குதிரையில் வந்த தூதர்



1672 மார்ச்சில் டி லா ஹே என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பற்படை திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கரையோரத்தைப் பிடித்திருந்த ஒல்லாந்தரை விரட்டக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்குத் துணை வேண்டியிருந்தது. டி லா ஹே முதலில் அனுப்பிய மூன்று தூதருக்கு அரசனிடமிருந்து பொற்சங்கிலியும் வெள்ளி இழைத்த வாளும் துப்பாக்கியும் கிடைத்தன. அடுத்துத் தூதராகப் போனவர் லானெரோல்.

அவர் குதிரையிலேயே மலையேறினார். அரண்மனை வாசலைக் கடக்கும்போதும் இறங்கவில்லை. இரவில் பேட்டிக்கு அழைக்கப்பட்டு நெடுநேரம் காத்திருந்தவர், பொறுமையிழந்து எழுந்து போய்விட்டார். அடியும் விலங்கும் அதன் பிறகு வந்தன.

குதிரை ஏறியதற்கு விலங்கு என்று சொல்லி, இராஜசிங்கனைக் கிறுக்கன் ஆக்கிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அது அரைக் கதை. 1664 டிசம்பர் 21 இரவு அரசன் இருந்த நிலம்பை அரண்மனையைக் கிளர்ச்சிக்காரர் சூழ்ந்தனர். தலைவன் அம்பன்வெல ராள. அரசன் தப்பி மலைக்கு ஓடினான். அவனுடைய சிறுவயது மகனையே அவர்கள் அரசனாக அறிவித்தார்கள்; பிள்ளை தகப்பனிடம் ஓடிவிட்டதால் கிளர்ச்சி கலைந்தது. அதன் பின் அரசன் இருந்தது ஹங்குரான்கெத்தையில். சொந்தப் பிரபுக்களே இரவில் வளைத்த அரசனுக்கு, ஆயுதத்தோடு வந்த அந்நியன் உத்தரவில்லாமல் எழுந்து போவது வெறும் மரியாதைக் குறைவாகத் தெரிந்திருக்காது. அரண்மனை முறைகளை அந்தக் கிளர்ச்சி இரவோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தக் கதையை விரிவாகச் சொல்பவர் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1660இல் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, எலதெத்தையில் வீடு கட்டி, தொப்பி பின்னி விற்றுப் பிழைத்த கைதி. 1679இல் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக்குத் தப்பினார். அவருடைய 1681ஆம் ஆண்டுப் புத்தகத்தில் நெல் விதைப்பையும் ஊர்ச் சாப்பாட்டையும் சொல்லும் பக்கங்கள் நேரில் கண்டவை. அரசவைச் செய்திகளில் பல காதில் விழுந்தவை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் படிப்பது சோம்பேறித்தனம்.

டி லா ஹே உணவு தேடிச் சோழமண்டலக் கரைக்குப் போனார். அன்று சென்னையை அடுத்திருந்த சாந்தோமை 1672இல் பிடித்து 1674இல் இழந்தார். திருகோணமலையில் விட்டுவந்த சிறு படையை ஒல்லாந்தர் பிடித்தார்கள். கப்பல்கள் திரும்பவில்லை, லானெரோல் கண்டி நாட்டிலேயே தங்கிப்போனார். லனரோல் என்ற பெயருடைய இலங்கைக் குடும்பங்கள் இன்றும் அவரையே மூதாதையாகச் சொல்கின்றன.